மாற்றியவர் பெயர்

மணல் காற்று கிளம்பிவிட்டால் ஷிலுவோவில் எந்த வீட்டிலும் ஜன்னல் திறக்காது. ஜுவோஷுய் ஆறு வற்றிக் கிடக்கும் மாதங்களில் வடகிழக்குக் காற்று ஆற்றுப்படுகையை வாரிக்கொண்டு வந்து கோஸ் வயலிலும், சோயா சாஸ் ஜாடி மூடியிலும், தலைமுடியிலும், பல்லிடுக்கிலும் கொட்டும். சமையற்கூடத்தில் அடுப்பு எரிகிற நேரமெல்லாம் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்திருக்கும். வெளியே போக வழியில்லாத நீராவி கூரைத் தகரத்தில் முட்டிச் சொட்டுச் சொட்டாகத் திரும்பி வரும்.

சொட்டு விழாத மூலை ஒன்றுதான். அங்கேதான் அப்பா கணினியை வைத்திருந்தார். வயதானவர்களின் வீடுகளுக்குப் போகும் மதியச் சாப்பாடு வண்டி ஏறிப் போனதும் வான்-சி அதன் முன்னால் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் குளிர்கால விடுமுறை. இடது சட்டைக் கையில், அப்பாவின் சாவுக்குத் துக்கமாக ஊக்கு குத்திய சணல் துண்டு மேசை விளிம்பில் உரசிக்கொண்டே இருந்தது.

திரையில் து என்ற பெரியவரின் படிவம். பெயர், முகவரி, படியேறிப் போய்க் கொடுக்க வேண்டுமா, பல் உண்டா, என்ன நிறம். நிறம் என்ற கட்டத்தில் 'வெள்ளை' என்று இருந்தது. அதை நீலமாக்க வேண்டும். இந்த வாரத்திலிருந்து பெரியவருக்கு டயாலிசிஸ் என்று அவர் மருமகள் காலையில் போன் பண்ணியிருந்தாள். போனை எடுத்தவள் வான்-சிதான்.

நிறங்களை வகுத்தது அப்பா. வெள்ளை என்றால் எதுவும் சாப்பிடலாம். பச்சை சர்க்கரைக்காரர்களுக்கு. மஞ்சள் பல்லில்லாதவர்களுக்கு. நீலம் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு. நீலத்துக்குக் கீரையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வதக்க வேண்டும். சூப் கிடையாது. வாழைப்பழம் கிடையாது. சோற்றின்மேல் குழம்பு ஊற்றவே கூடாது. விடியலில் பிரிண்டர் அன்றைய ஸ்டிக்கர்களை நிறத்தோடு துப்பும். பெட்டி கட்டுகிற பெண்களுக்குப் பெயர் படிக்க நேரமிருக்காது. நிறத்தைப் பார்த்து அள்ளி வைப்பார்கள்.

அவள் கட்டத்தைத் தொட்டு அழித்தாள். அழியவில்லை. அடித்தாள். எழுத்து விழவில்லை. பிழை என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எத்தனை தட்டினாலும் திரை பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடி கண்ணு, கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டா?" பெரிய வாணலியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள் ஆ-லுவான். அந்தக் கூடத்தின் தலைமைச் சமையல்காரி. அப்பாவையே அதட்டக்கூடியவள்.

"எழுத்தே விழல அத்தை."

"கீபோர்டுல மண்ணு போயிருக்கும். கவுத்துத் தட்டு."

தட்டினாள். மணலும் நாலு சோற்றுப் பருக்கையும் விழுந்தன. எழுத்து மட்டும் விழவில்லை.

"வேற எடத்துல அடிச்சா விழுது அத்தை. இந்த ஃபார்ம்ல மட்டும்தான் விழல. யாரோட ஃபார்மத் தெறந்தாலும் இதே கதைதான்."

ஆ-லுவான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கணினியின் தலைமேல் ஒரு பச்சைப் பாக்கெட் சோளப்பொரி உட்கார்ந்திருந்தது. மெஷின் சொன்ன பேச்சைக் கேட்பதற்காக வைப்பது. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், யாரும் பிரித்துத் தின்னக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. ஆ-லுவான் அதை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"தேதி இருக்கே! அப்ப நம்ம மேல குத்தமில்ல. மெஷினுக்குத்தான் கொழுப்பு. உங்கப்பா போனப்புறம் கேக்க ஆளில்லன்னு நெனச்சிருச்சு."

வான்-சிக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியை நிறுத்தி மறுபடி போட்டுப் பார்த்தாள். ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். கோப்பை இன்னொரு இடத்தில் நகலெடுத்துத் திறந்தாள். அந்த நகலும் அப்படியே. படிக்கலாம், மாற்ற முடியாது. அடக்கம் முடிந்து, கூடத்தைக் கழுவி அடுப்பு மூட்டி இன்றைக்குத்தான் மூன்றாவது நாள். பட்டியலில் மாற்ற வேண்டிய முதல் ஆள் து பெரியவர்.

"ஸ்டிக்கர்ல கையால எழுதிடேன்," என்றாள் அம்மா, அரிசி மூட்டைப் பக்கமிருந்து. "ரெண்டு நாள்ல சித்தப்பா யாரையாச்சும் கூட்டிட்டு வரட்டும்."

மறுநாள் விடியலில், பிரிண்டர் துப்பிய து பெரியவரின் வெள்ளை ஸ்டிக்கரில் வான்-சி மார்க்கர் பேனாவால் 'நீலம்' என்று எழுதினாள். பெரிதாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

* * *

போன் அன்று சாயங்காலம் வந்தது. அம்மா எடுத்தாள். எதிரில் ஆள் நிற்பதுபோல அவள் தலை குனிந்து குனிந்து எழுந்ததைப் பார்த்ததுமே வான்-சி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஆமாங்க... ஆமாங்க... சொன்னீங்க, சொல்லலேன்னு நான் சொல்லவே இல்லீங்க..."

து பெரியவர் மருமகளின் குரல் ரிசீவரைத் தாண்டி வெளியே கேட்டது. "சூப்பு இருந்துது முதலாளியம்மா! வாழப்பழம் இருந்துது! அந்த மனுசன் தபால்காரனா இருந்த காலத்துலேர்ந்து ஒரு பருக்கைய வீணாக்கினதில்ல. எல்லாத்தையும் தின்னுட்டு நாற்காலிய விட்டு எந்திரிச்சாரு, காலு ரெண்டும் துணி மாதிரி மடங்கிருச்சு. இப்ப நெஞ்சுல ஒயர ஒட்டிப் படுக்க வெச்சிருக்காங்க. உங்க வீட்டுப் பொண்ணுகிட்டதான சொன்னேன்? எழுதிக்கிட்டேன் அத்தைன்னாளே!"

அம்மா போனை வைத்த பிறகும் கை ரிசீவரின்மேலேயே இருந்தது.

ஆ-லுவான்தான் முதலில் பேசினாள். "நான்தான் கட்டினேன். பொய் சொல்ல மாட்டேன். ஆவில மை கலைஞ்சு ஸ்டிக்கர்ல ஏதோ அழுக்கு மாதிரி இருந்துச்சு. வெள்ளைன்னு வெச்சேன். இத்தன வருசமா நெறத்தப் பாத்துத்தான முதலாளியம்மா கட்டறேன்? எழுத்தப் பாருன்னு யாராச்சும் சொன்னீங்களா?"

"உன்னை யாரும் ஒண்ணும் சொல்லல, ஆ-லுவான்."

"சொல்லாமப் பாக்கறீங்களே, அது போதாதா?" அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டாமல் தரையில் போட்டுவிட்டு வெளியே போனாள். திறந்த கதவு வழியாக ஒரு வீச்சு மணல் உள்ளே வந்து, கழுவி வைத்த தட்டுகளில் படிந்தது.

வான்-சி விரல்களைப் பார்த்துக்கொண்டாள். ஆள்காட்டி விரல் ஓரத்தில் மார்க்கர் மை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. அந்த மனிதர் செத்துப்போனால் இந்த விரல் எழுதிய எழுத்தால்தான் சாவார் என்று தோன்றிய பிறகு அவளால் அந்தக் கையால் சோறு எடுத்துச் சாப்பிட முடியவில்லை. அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் அம்மா, நீ என்ன செய்வே, சின்னப் பொண்ணு என்பாள். அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

* * *

மறுநாள் அம்மா அடுப்பு மூட்டவில்லை. பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆ-லுவான் மட்டும் கோபித்துக்கொண்டு போனவள் கோபத்தோடேயே திரும்பி வந்து, யாருக்கும் தேவையில்லாத முள்ளங்கியை உரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி ஓட்டுகிற சித்தப்பா சிங்-ஹே வீடு வீடாகப் போய், இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டு மத்தியானத்துக்கு மேல் வந்தார். தலைமுடி, புருவம் எல்லாம் மண்.

"கோயிலுக்குப் பின்னால அந்தக் கெழவி, வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கு அண்ணி. இன்னிக்கு இல்லம்மான்னேன். சரி தம்பி, அப்ப நாளைக்குன்னுச்சு. நான் என்னத்தச் சொல்ல? பிஸ்கட் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். அதுக்குப் பல்லு வேற கெடையாது."

"டயாலிசிஸ் சென்டர்லேர்ந்து இன்னும் நாலு பேருக்கு நீலம் மாத்தச் சொல்லிப் போன் பண்ணாங்க தம்பி. ஒருத்தருக்குக் கையால எழுதித்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கு. இனிமே கையால எழுதி ஒரு பெட்டிகூட இந்த வாசலத் தாண்டாது. அந்த ஃபார்ம் சரியானா நாளைக்கு அடுப்பு. இல்லேன்னா பூட்டிட வேண்டியதுதான்."

"பூட்டறதா? அண்ணன் ஒரு வருசமா ரெண்டு வருசமா கட்டினது அண்ணி!"

"அவர் கட்டினதால்தான் சொல்றேன். அவர் பேர்ல ஒருத்தரைச் சாகடிக்கச் சொல்றியா?"

சித்தப்பா, தன்னோடு வண்டியில் கூட்டிவந்த கணினிக் கடைப் பையனைக் கைகாட்டி உள்ளே விட்டார். நுங்கு மாதிரி கண்ணாடி போட்ட பையன். கெண்டியோவிலிருந்து போன மாதம்தான் இங்கே வேலைக்கு வந்தவனாம். அவன் அரைமணி நேரம் தட்டினான். வான்-சி முந்தாநாள் செய்து பார்த்ததையெல்லாம் அதே வரிசையில் அவனும் செய்தான்.

"கோப்பு நல்லாத்தான் இருக்கு. படிக்க விடுது, எழுத விடல. உள்ள எங்கயோ ஒரு பூட்டு. செஞ்சவரு தன் இஷ்டத்துக்கு எழுதியிருக்காரு, வெளியாளுக்குப் புரியாது. போட்டவருதான் எடுக்கணும்."

 எல்லோர் கண்ணும் கூடத்தை அடுத்த அறைக்குப் போயிற்று. அங்கே அப்பாவின் பெயர் எழுதிக் கும்பிடுகிற பலகை, படம், காலையில் வைத்த சோறு, எரிந்து முடிந்த ஊதுபத்தி. பையன் எழுந்து போய் மரியாதையாகக் கும்பிட்டான். பிறகு பலகையைப் படித்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தான்.

"இவரு லியாவ் தானே? ஜாங் சிங்-யுவான்னு போட்டிருக்கே. கடைக்காரன் மாத்தி எழுதிட்டானா?"

"வெளியூர்க்காரன்னு காட்டிட்ட பாத்தியா," என்றார் சித்தப்பா. "எங்க வம்சமே அப்படித்தான். உசுரோட இருக்கற வரைக்கும் லியாவ். செத்தா ஜாங். ஜாங் வீட்டுப் பையன் ஒருத்தன், ஆம்பளப் பிள்ளை இல்லாத லியாவ் வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போயி வாக்குக் குடுத்தான். என் பிள்ளைங்க வாழற வரைக்கும் உங்க பேரு, போனப்புறம் என் பேருன்னு. அன்னிலேர்ந்து நாங்க வாக்குத் தப்பினதில்ல."

"அப்ப ரெண்டு பேருக்கும் தனித்தனியா வரி கட்டணுமா?"

"பேச்சப் பாரு! வரி கட்டறது லியாவ். கும்பிடு வாங்கறது ஜாங். இப்ப கெளம்பு, வண்டியில கொண்டு விடறேன். பூட்டைத் தொறக்கத் தெரியாத ஆளுக்கு வாயி மட்டும் எட்டு ஊருக்கு."

ஆ-லுவான் முள்ளங்கியை உரித்துக்கொண்டே சிரித்தாள். அந்த வாரத்தில் அந்தக் கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

* * *

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வான்-சி மறுபடி கணினிக்குப் போனாள். பூட்டு என்ற சொல் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எப்படித் திறப்பார்? ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவர் இதற்குள் என்னவோ சரிபார்ப்பார். அப்போது எப்படி உட்கார்ந்திருப்பார்? வலது கையில் தேநீர் பாட்டில். இடது கை... இடது கை கீபோர்டின் ஓரத்தில், சுண்டு விரல் மட்டும் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும். படிவம் வருகிறவரை எடுக்க மாட்டார். சும்மா சாய்ந்துகொள்கிறார் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அவள் இடது சுண்டு விரலை ஷிஃப்டின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு கோப்பைத் திறந்தாள்.

வழக்கமான படிவம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. பூச்சில்லாத சுவர்போல, வெறும் அட்டவணைகள். ஆட்கள், தெருக்கள், சாப்பாடு, ஊழியர். ஆட்கள் பட்டியலைத் திறந்தாள். து பெரியவர் இருந்தார். இங்கே எழுத்து விழும்போலிருந்தது. ஆனால் இங்கே வெள்ளையும் இல்லை நீலமும் இல்லை. 1, 4, 7, 12 என்று எண்கள். எது நீலம்? பயந்து கையை எடுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை தப்பாக எழுத அவள் விரலுக்குத் தைரியமில்லை. தவிர, 'வெறும் பட்டியலத் தொடாதே, அங்க காவல் கெடையாது' என்று அப்பா சொல்வது ஞாபகம் வந்தது. ஆ-லுவானின் பேரன் ஒருநாள் விளையாட்டாகத் தட்டி யாரோ ஒருவரைச் சர்க்கரைக்காரர் ஆக்கிவிட்டான். அதற்குப் பிறகு அப்பா சொன்னார்: "இனிமே ஃபார்ம் வாசல்ல ஒரு காவக்காரன உக்கார வெச்சிருக்கேன். உள்ள வர்றவன் பேரக் கேப்பான். அவனுக்குத் தெரிஞ்ச பேரா இருந்தாத்தான் மாத்த விடுவான்."

பேரக் கேப்பான்.

வான்-சி ஊழியர் பட்டியலைத் திறந்தாள். ஆ-லுவான், பெட்டி கட்டும் பெண்கள், சித்தப்பா. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரில் 'மாற்றலாம்' என்று ஒரு சிறு கட்டம். எல்லாம் காலி. ஒரே ஒரு பெயருக்கு மட்டும் சரிக்குறி இருந்தது. அந்தப் பெயர் ஜாங் சிங்-யுவான்.

 கணினிக்குத் தெரியுமா? அதற்கு யார் சொன்னது?

"அம்மா!"

அவள் கூப்பிட்ட குரலில் அம்மாவும் ஆ-லுவானும் சேர்ந்தே ஓடிவந்தார்கள். அம்மா திரையைப் பார்த்தாள். பார்த்ததும் பக்கத்திலிருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் மாத்தினேன்."

"எப்பம்மா?"

"பலகை எழுதி வந்த அன்னிக்கு. அடுப்பு மூட்டறதுக்கு முன்னால ஊழியர் ஃபார்மத் தெறந்து பாத்தேன். லியாவ்னு இருந்துச்சு. உங்கப்பா என்ன சொல்வார்? பட்டியல்ல ஒரு தப்புகூட இருக்கக் கூடாது, இருந்தா அது யார் வயித்துலயாச்சும் போய் விழும்பார். செத்தவர் லியாவ்னு இருந்தா அது தப்பு இல்லையா? அவர் பட்டியல்லயே அவரைத் தப்பா விட்டுடறதா? மாத்தினேன். அப்ப மாத்த விட்டுச்சு. மூடிட்டு வந்து ஊதுபத்தி கொளுத்தினேன்."

வான்-சிக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோயிற்று. சாப்பாட்டு வேலைக்கு இந்தக் கணினிக்குள் எப்போதும் அப்பா பேரில்தான் நுழைவார்கள். அம்மா நுழைந்தாலும் அவள் நுழைந்தாலும் அந்தப் பேர்தான். காவல்காரன் கேட்கிறான், யார் வந்திருப்பது? லியாவ் சிங்-யுவான். பட்டியலைப் பார்க்கிறான். அப்படி யாரும் இல்லை. பார்த்துவிட்டுப் போ, கை வைக்காதே என்கிறான்.

"அய்யோ, இவ்வளவுதானா!" ஆ-லுவான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மறுபடி லியாவ்னு போட்டுடு கண்ணு. ஒரே ஒரு வார்த்தை. நான் போய்க் கீரைக்குச் சொல்றேன்."

"போடாதே," என்றாள் அம்மா.

வாசலில் கால் தட்டும் சத்தம். பையனைக் கொண்டு விட்டுவிட்டுச் சித்தப்பா திரும்பியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அண்ணி சொல்றது சரி. பலகைல ஜாங்னு எழுதிக் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கோம். இங்க லியாவ்னு போட்டா என்ன அர்த்தம்? வா, வந்து வேலை செய்யின்னு இழுக்கறோம்னு அர்த்தம். இன்னும் நாப்பத்தொம்பதாம் நாள் காரியம்கூட ஆகல. அவரு எங்க போவாரு? பலகைக்குப் போவாரா, இந்தப் பெட்டிக்குப் போவாரா?"

"அப்ப து பெரியவர் எங்க போவாரு?" என்றாள் ஆ-லுவான். "செத்தவருக்குப் பாக்கறீங்க. படுத்திருக்கறவருக்கு யாரு பாக்கறது?"

"வாய மூடு லுவான், இது எங்க வம்ச விஷயம்."

"வம்சத்துக்கு மத்தியானம் பசிக்காதா? இருவது வருசமா உங்க வம்சத்துக்கு நான்தான சோறு போடறேன்?"

அம்மா இருவரையும் கேட்டதாகவே தெரியவில்லை. "விழுந்த அன்னிக்குக் காலைலகூட ஸ்டிக்கர் அடிச்சுட்டுத்தான் விழுந்தார்," என்றாள் மெதுவாக. "இனிமேலாச்சும் உக்காரட்டும். அவரைத் திரும்ப எழுப்ப நான் ஒத்துக்க மாட்டேன். கடை பூட்டினாலும் சரி."

வெளியே காற்று தகரத்தை இழுத்து அறைந்தது. வான்-சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பெயருக்குக் கீழே ஒரு காலி வரி இருந்தது.

"வேற பேர் சேக்கலாம்," என்றாள்.  காலி வரியைக் காட்டினாள். "அப்பா பேரத் தொட வேண்டாம். உசுரோட இருக்கற ஒருத்தர் பேரைப் போட்டுச் சரிக்குறி போட்டா, அவங்க பேர்ல கம்ப்யூட்டருக்குள்ள வந்தா விடும்."

சித்தப்பா உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னைப் போடாதே. எனக்கு ஸ்டியரிங்தான் தெரியும். நான் தொட்டா எல்லாரும் பல்லில்லாதவங்களா ஆயிடுவாங்க."

"அம்மா?"

அம்மா தன் கைகளை மடியில் திருப்பிப் பார்த்தாள்.  "நல்லதுன்னு நெனச்சு ஒரு பேரை மாத்தினேன், ஒரு மனுசன் ஆஸ்பத்திரில கெடக்கான். இந்தக் கைல அதைத் தராதே கண்ணு. கொஞ்ச நாளைக்குத் தராதே."

ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் ஒரு வரி உண்டு. 'மாற்றியவர்'. யார் தட்டினாலும் இதுவரை அங்கே அப்பா பெயர்தான் விழுந்திருக்கிறது. யாராவது போனில் சண்டைக்கு வந்தால் அப்பா அந்த வரியைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, நான்தான்" என்பார். செய்தவர் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். இனி அந்த வரியில் விழுகிற பெயர்தான் பதில் சொல்ல வேண்டும்.

 வான்-சிக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. பள்ளித் தோழிகள் இந்நேரம் தாய்ச்சுங்கில் சினிமா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் காலி வரியில் கையை வைத்தாள். லியாவ் வான்-சி என்று அடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

"ஏய், நிறுத்து," என்றார் சித்தப்பா. "பதினாறு வயசுப் பொண்ணு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவ பேருதான அண்ணி நிக்கும்?"

"நேத்தே நின்னுடுச்சு சித்தப்பா," என்றாள் வான்-சி. "எழுதினது நான்தானே?"

 சித்தப்பா, அப்போதுதான் செருப்போடு நிற்பதைக் கண்டதுபோல, வாசலுக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.  அம்மா எண்ணெய் டின்னை நகர்த்தி மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

சரிக்குறி போட்டாள். சேமித்தாள். அப்பா பேரில் திறந்திருந்த கணினியிலிருந்து வெளியே வந்தாள். வீட்டுப்பாடத்துக்காக அப்பா எப்போதோ அவள் பேரில் ஒரு வாசல் வைத்துக் கொடுத்திருந்தார். அது வழியாக உள்ளே போய், இந்த முறை ஷிஃப்டைத் தொடாமல் படிவத்தைத் திறந்தாள். து பெரியவர். நிறம். வெள்ளை. கட்டத்தைத் தொட்டு அழித்தாள்.

அழிந்தது.

ஆ-லுவான் ஒரு சத்தம் போட்டாள். பச்சைப் பாக்கெட்டை எடுத்துத் தன் துணியால் தூசி தட்டி, நெற்றியில் ஒற்றித் திரும்ப வைத்தாள். "கொழுப்பு எறங்கிடுச்சு!"

வான்-சி நீலத்தைத் தேர்ந்தெடுத்தாள். அதற்குக் கீழே இருந்த கட்டம் சிவந்தது. 'எந்தத் தேதியிலிருந்து?' அங்கே தேதி போடாமல் எந்த மாற்றத்தையும் சேமிக்க அப்பா விட்டதில்லை. என்னிக்கிலிருந்துன்னு தெரியாத மாத்தம் மாத்தமே இல்லை என்பார்.

அவள் விரல் அங்கேயே நின்றது. ஆஸ்பத்திரியில் ஒயர் ஒட்டிப் படுத்திருக்கிற மனிதருக்கு என்ன தேதி போடுவது?

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. அம்மா எழுந்து எடுத்தாள். காதில் வைத்ததும் முதுகு வளைந்தது. "சொல்லுங்க... ஆமாங்க..." பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். 

"அவங்கதான். பட்டியல இப்ப யாரு பாக்கறதுன்னு கேக்கறாங்க. யாராச்சும் ஒருத்தர் பேரச் சொல்லுங்கறாங்க."

சித்தப்பா ஒரு அடி முன்னால் வைத்தார். அதற்குள் வான்-சி எழுந்து போய் ரிசீவரை வாங்கிக்கொண்டாள். அது அம்மாவின் வியர்வையில் வழுக்கியது.

"நான்தான் அத்தை. லியாவ் வான்-சி. நேத்து ஸ்டிக்கர்ல கையால எழுதினதும் நான்தான். மை கலைஞ்சிடுச்சு. என் தப்பு."

மறுமுனையில் மூச்சுச் சத்தம். பின்னால் ஏதோ மெஷின் விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது.

"நீ அவரோட பொண்ணா?"

"ஆமா."

"உங்கப்பா அடக்கத்துக்கு எங்க மாமா வந்திருந்தாரு. நடக்க முடியாமலே வந்தாரு." அவள் குரல் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "இன்னும் கண்ணத் தெறக்கல. தெறந்தா சோறு கேப்பாரு, எனக்குத் தெரியும். வேற கடைல வாங்கினா உப்பில்லன்னு திட்டுவாரு. இந்தத் தடவை ஒழுங்கா எழுதிக்கிறியா?"

"எழுதிக்கறேன்." போன் ஒயர் மேசை வரைக்கும் எட்டியது. வான்-சி தோளில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சூப்பு கூடாது. பழம் கூடாது. கீரைய வேக வெச்சுத் தண்ணியக் கொட்டணும். சோயா சாஸ் ஒரு சொட்டு, அவருக்கு வாசம் வேணும்."

அவள் அடித்தாள். எல்லாம் விழுந்தது.

"எழுதிட்டேன் அத்தை. எந்தத் தேதிலேர்ந்து?"

"தேதியா? என்ன தேதி? டாக்டரே ஒண்ணும் சொல்லல. அதை அப்படியே விட்டுடு."

"விட முடியாது அத்தை. தேதி போடாம இது மூடாது."

 மெஷின் மட்டும் ஒலித்தது.  

"வெள்ளிக்கெழமை," என்றாள் மருமகள் கடைசியில். "வெள்ளிக்கெழமைன்னு போடு."

வான்-சி வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டாள். கட்டத்தின் சிவப்பு மாறியது. அடியில் அவள் பெயர் விழுந்தது. படிவம் மூடிக்கொண்டது.

"போட்டுட்டேன்," என்றாள்.